பச்சைத்தோலில் கட்டிய கூரை

அன்று மத்தியானம் இரண்டே கால் மணிக்கு என் மகள், "அம்மா, வாரு நீளமாவுது" என்றாள்.

அடுப்பங்கரையில் ஒழுகும் இடங்களுக்கெல்லாம் பாத்திரம் வைத்துக்கொண்டிருந்த நான், கடிகாரத்தின் மேல் தண்ணீர் சொட்டுகிறதா என்று பார்க்க அப்போதுதான் கூடத்துக்கு வந்திருந்தேன். அதனால்தான் மணி நினைவிருக்கிறது. கடிகாரம் நனையவில்லை. அதைத் துடைத்தபடியே, "எந்த வாரு?" என்று கேட்டேன்.

"எல்லா வாரும்தான். நேத்து வரைக்கும் மூங்கிலோட ஒட்டிக்கினு இருந்துச்சு. இப்ப நடுவுல விரல் போவும்."

அவள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும். எங்கள் கூரையை அவளைப் போலப் பார்த்தவர்கள் யாரும் இல்லை. புரட்டாசிக் கடைசியில் கொய்யா மரத்திலிருந்து விழுந்து தொடை எலும்பை முறித்துக்கொண்டவள், வேலூர் ஆஸ்பத்திரியில் சில வாரங்கள் கிடந்துவிட்டு வீட்டுக்கு வந்திருந்தாள். அக்குளிலிருந்து குதிகால் வரை ஒரு நீளப் பலகையை வைத்து உடம்போடு கட்டியிருந்தார்கள். காலில் ஒரு கயிறு. கயிற்றின் நுனியில், கட்டிலுக்கு வெளியே தொங்கும் செங்கல். அந்தக் கல்தான் எலும்பை இழுத்து நேராக வைத்திருந்தது. அனுப்பும்போது டாக்டரம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "எலும்பு இப்போதுதான் கூடுகிறது. தூக்காதீர்கள், உட்கார வைக்காதீர்கள், புரட்டாதீர்கள். இந்தச் சமயத்தில் நழுவினால் ஒரு கால் குட்டையாகிவிடும். பிறகு என்னாலும் ஒன்றும் செய்ய முடியாது." அவளுக்குப் பதினொரு வயது. அன்று முதல் அந்தக் கட்டிலும் கல்லும் கூரையும்தான் அவள் உலகம். ஓட்டுக்கு அடியில் எந்தப் பல்லி எங்கே தங்கும் என்பது வரை அவளுக்குத் தெரியும்.

நான் நிமிர்ந்து பார்த்தேன். ஓடு தாங்கும் மூங்கில் வரிச்சுகளைச் சரிவான கைமரத்தோடு சேர்த்துக் கட்டியிருந்த தோல் வார்கள், ஊறிப்போன சேமியா போல வெளுத்து உப்பித் தொங்கிக்கொண்டிருந்தன. ஒரு வாரின் நுனியிலிருந்து சொட்டிய தண்ணீர், சுண்ணாம்பு கலந்து பால் நிறத்தில் இருந்தது. அதோடு ஒரு நாற்றமும் வந்தது. எங்கள் ஊரில் அந்த நாற்றம் தெரியாத ஆள் கிடையாது. தோல் ஷாப்பில் பதனிடுவதற்குக் காய்ந்த தோலை முதன்முதலில் தண்ணீரில் போட்டு வைக்கும் ஊறல் தொட்டியின் நாற்றம் அது. கட்டை போல விறைத்து வரும் தோல், அந்தத் தொட்டியில் கிடந்தால் உரித்த அன்று இருந்த மாதிரி தொளதொளவென்று ஆகிவிடும். ஊரில் பாதிப் பேர் அந்தத் தொட்டியில் இறங்கித்தான் சோறு தின்கிறார்கள். இரண்டு நாளாக விடாமல் பெய்த மழையில் எங்கள் கூரையே ஊறல் தொட்டியாக மாறிக்கொண்டிருந்தது.

கடலை நான் வாழ்நாளில் இரண்டு முறைதான் பார்த்திருக்கிறேன். ஆனால் ஐப்பசி, கார்த்திகையில் அது எங்கள் கூரையைப் பார்க்க வராத வருஷம் இல்லை. சென்னைப் பட்டணத்தில் கரையேறும் புயல் வாலாஜாபேட்டையைத் தாண்டி, பாலாற்றைப் பிடித்துக்கொண்டு மேற்கே வரும். வரவர வேகம் தணியும் என்று ரயில்வே ஸ்டேஷனில் இருப்பவர்கள் சொல்வார்கள். எங்கள் தெரு வரை தணிந்து நான் பார்த்ததில்லை. அதனால்தான் இந்தப் பக்கத்தில் வைகாசி வெயிலிலேயே ஓட்டை இறக்கி, உளுத்த மூங்கிலை மாற்றி, கட்டுகளைப் புதிதாகப் போட்டு, மறுபடி ஓடு அடுக்குவார்கள். நாட்டு ஓட்டை யாரும் கட்டி வைப்பதில்லை. அது வரிச்சின் மேல் சும்மா படுத்திருக்கும். வரிச்சை இறுக்கிப் பிடித்திருக்கும் கட்டு போனால் எல்லாம் போயிற்று.

எங்கள் வீடு ஒரே முகட்டின் கீழ் இரண்டு வீடு. என் மாமனார் கட்டியது. அவர் போன பிறகு என் கணவரின் அண்ணன் கிழக்குப் பாதியையும் நாங்கள் மேற்குப் பாதியையும் எடுத்துக்கொண்டோம். நடுவில் எழுப்பிய சுவர் விட்டம் வரைக்கும்தான். அதற்கு மேல் திறந்த வெளி. அவர்கள் வெங்காயம் தாளித்தால் எங்களுக்குத் தும்மல் வரும். நாங்கள் பேசினால் அவர்கள் பதில் சொல்வார்கள். சுவரில் ஒரு கதவும் இருந்தது. அவர்கள் பாதியின் கோடியில் காரை போட்ட சின்ன மச்சு அறை ஒன்று உண்டு. ஓடு போனாலும் அந்த அறை போகாது. முன்பெல்லாம் புயல் வந்தால் இரண்டு குடும்பமும் நடுக்கதவு வழியாக அந்த அறைக்குள் போய்விடும்.

அந்த வைகாசியில் என் கணவர் சந்தையிலிருந்து தேங்காய் நார்க் கயிற்றைச் சுருள் சுருளாக வாங்கி வந்து வாசலில் போட்டார். அவர் அண்ணன் தோல் ஷாப்பில் மேஸ்திரி. சாக்கு நிறைய வார்களோடு வந்தவர், கயிற்றைக் காலால் புரட்டினார்.

"இன்னாத்துக்குடா இது? தோல் ஷாப்பை ஊருக்குள்ள வெச்சிக்கினு கயிறு வாங்கறவன் நீ ஒருத்தன்தான்."

"இல்லண்ணே, அவதான் சொன்னா…"

"அவ சொன்னா! டீச்சரம்மா ஓட்டு மேல ஏறி நின்னு பாடம் நடத்தப் போறாங்களா?"

மேலே வேலை செய்துகொண்டிருந்தவர்கள் சிரித்தார்கள். நான் பெண்கள் பள்ளிக்கூடத்தில் கீழ் வகுப்புகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கிறேன். எங்கள் குடும்பத்தில் அது ஒரு வியாதியின் பெயர்.

அவர் கொண்டுவந்தது ஆவாரம் பட்டையில் பதமான தோல் அல்ல. சுண்ணாம்புத் தொட்டியிலிருந்து எடுத்து ஓரம் நறுக்கும்போது கீழே விழும் பச்சைத்துண்டுகள். பசை காய்ச்சுகிறவர்கள் வண்டி கட்டி வந்து அள்ளிக்கொண்டு போவார்கள். அதை ஈரத்தோடு சுற்றி முடிச்சுப் போட்டால் வெயிலில் காய்ந்து இறுகிவிடும் என்பது மேஸ்திரியின் கணக்கு. இறுகத்தான் செய்தது. மறுநாள் ஒரு வாரைச் சுண்டிக் காட்டினார். மத்தளம் போல 'டிங்' என்றது. தெருவே வந்து சுண்டிப் பார்த்தது. எங்கள் ஊர்க்காரர்களுக்குத் தோல் மேல் அப்படி ஒரு நம்பிக்கை. வண்டி நுகத்துக்குத் தோல், கிணற்றில் இறைக்கும் கவலைச் சாலுக்குத் தோல், செருப்புக்குத் தோல். வீட்டுக்கு மட்டும் ஏன் கூடாது? தண்ணீரைப் பற்றி யாரும் பேசவில்லை. வெயில் அப்படி அடித்துக்கொண்டிருந்தது.

நான் பேசியது நாயையும் எலியையும் பற்றி. "மாமா, இது பச்சைத்தோல். நாய் ராத்திரி பூரா கீழே நின்னு ஊளை விடும். எலி வந்து கடிக்கும்."

ஓரகத்தி உள்ளேயிருந்து குரல் கொடுத்தாள். "தோல் நாத்தம் ஆவாதவ தோல் ஊட்டுக்கு இன்னாத்துக்கு வாக்கப்பட்டா?"

"நாத்தம் பழகிடுச்சு அக்கா. பசை காய்ச்சற துண்டுல கூரை கட்டறதுதான் இன்னும் பழகல."

சொன்னது அவ்வளவுதான். ஆனால் அதைக் கேட்டவர்கள் மறுநாள் ஷாப்புக்குப் போனார்கள். வாரம் முடிவதற்குள் அவருக்குப் 'பசை மேஸ்திரி' என்று பெயர் வைத்துவிட்டார்கள். தொட்டிக்குள் நிற்கிறவன்கூட அவர் முதுகுக்குப் பின்னால் அப்படித்தான் சொல்கிறான் என்று கேள்விப்பட்டேன். நார்க் கயிறு சந்தைக்கே திரும்பிப் போயிற்று. இரண்டு பாதிக்கும் தோல் வாரே கட்டினார்கள். கட்டி முடித்த அன்று சாயங்காலம் நடுக்கதவின் அந்தப் பக்கத்தில் பலகையைக் குறுக்கே வைத்து ஆணி அடிக்கும் சத்தம் கேட்டது. என் கணவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். ஒவ்வொரு அடிக்கும் நிறுத்தி, முடிந்த பிறகு மோர் கேட்டார்.

இவ்வளவையும் சொல்லாமல் அன்று மத்தியானம் நடந்ததைச் சொல்ல முடியாது.

என் கணவர் ஆவாரம் பட்டை கொள்முதலுக்காக ஆலங்காயம் காட்டுப் பக்கம் போயிருந்தார். மழை விட்டாலும் ஆறு வடியாமல் வர முடியாது. தெருவில் முழங்காலளவு செம்மண் தண்ணீர் ஓடியது. எதிர்வரிசை வீடுகள் எல்லாம் ஓலைக் கூரை. அவரவர் தங்கள் ஓலையைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். ஆண்கள் ஷாப்பில். வாசல் வழியாகக் கட்டிலை வெளியே கொண்டுபோக வேண்டுமானால் நாலு படி இறக்கி, தண்ணீருக்கு மேல் நாலு ஆள் தூக்க வேண்டும். ஆனால் நடுக்கதவு மட்டும் திறந்தால் கட்டிலைத் தூக்கவே வேண்டாம். கால்களுக்கு அடியில் ஈரச் சாக்கைப் போட்டு, வழுவழுத்த தரையில் மெல்ல மெல்லத் தள்ளிக்கொண்டே மச்சு அறை வரைக்கும் போய்விடலாம். நான் ஒருத்தியே போதும்.

முதல் ஓடு அப்போது விழுந்தது. கட்டிலுக்கு ஒரு முழம் தள்ளி.

"அக்கா!" என்று சுவரைப் பார்த்துக் கத்தினேன். "அக்கா, கேக்குதா?"

"இன்னா?"

ஓரகத்தி சுவரோடு ஒட்டித்தான் நின்றிருக்கிறாள். குரல் அவ்வளவு பக்கத்தில் இருந்தது.

"கட்டெல்லாம் வுட்டுப்போச்சு. கூரை எறங்குது. கதவைத் தொறங்க, கட்டிலைத் தள்ளிக்கினு மச்சுக்கு வந்துடறோம்."

அவள் சொன்னாள்: "அவரு வரட்டும்."

"அவரு வர்ற வரைக்கும் ஓடு நிக்குமா? கடப்பாரையால நெம்புங்க, நான் இந்தப் பக்கத்துலருந்து தள்றேன்."

"ஆணி அடிச்சவரு அவரு. புடுங்கறதுக்கும் அவருதான் வரணும். நான் புடுங்கிட்டு யார்கிட்ட பேச்சு வாங்கறது?"

"பொண்ணு மேல ஓடு விழுது அக்கா."

"எங்க பக்கம் ஒண்ணும் விழலியே" என்றாள். "நல்லாத்தான் கட்டியிருக்குது."

அவளுடைய இரண்டு பிரசவத்துக்கும் நான் பக்கத்தில் இருந்தேன் என்பது எனக்கு அப்போது நினைவுக்கு வரவில்லை. இப்போது எழுதும்போது வருகிறது.

கரி பூச வேண்டும் என்று கரும்பலகையைப் பள்ளிக்கூடத்திலிருந்து வீட்டுக்கு எடுத்து வந்து சுவரோரம் சாய்த்து வைத்திருந்தேன். அதைத் தூக்கிக் கட்டிலின் இரண்டு பக்கச் சட்டங்களுக்கும் குறுக்கே, அவள் தலைக்கும் மார்புக்கும் மேலாக, மடித்த பாய்களை முட்டுக் கொடுத்து வைத்தேன். இடுப்புக்குக் கீழே போதவில்லை. அங்கே இரண்டு தலையணைகளைப் போட்டுச் சாக்கால் மூடினேன். கல் தொங்கும் கயிற்றில் எதுவும் படாமல் பார்த்துக்கொண்டேன்.

பலகைக்குக் கீழேயிருந்து அவள், "அம்மா, இங்க இன்னும் ஏழாம் வாய்ப்பாடு அழியாம இருக்குது" என்றாள்.

"படி."

"தலைகீழா இருக்குது."

மூன்று மணி வாக்கில் அந்தப் பக்கம் மேஸ்திரி வந்துவிட்டார். ஷாப்பை மூடிவிட்டார்கள் போலும். செருப்பை உதறும் சத்தம், அவர் இருமல். பிறகு, காய்ந்த தோல்கள் ஒன்றோடொன்று மோதி மரப்பலகை போலக் கடகடவென்று இழுபடும் சத்தம். சொந்தத்தில் கொஞ்சம் ஆட்டுத்தோல் வாங்கி விற்பது அவர் வழக்கம். கூடத்தில் அடுக்கியிருந்த சரக்கை மச்சு அறைக்கு மாற்றிக்கொண்டிருந்தார்.

"மாமா!" நான் கதவைக் கையால் அடித்தேன். "மாமா, ஆணியைப் புடுங்குங்க."

இழுபடும் சத்தம் நின்றது. "அறைல சரக்கு கீது."

"சரக்கை ஒரு ஓரமா அடுக்கினா கட்டில் நிக்க எடம் வரும்."

"அடுக்கினா சுவரு ஈரம் ஏறும். ஏறினா தோல்ல புள்ளி வுழும். நாலு பேரு என்னை நம்பிக் குடுத்த சரக்கு. யாரு பதில் சொல்றது?"

"புள்ளை நனையுது மாமா."

"தூக்கிக்கினு வாசப்பக்கமா சுத்தி வா. யாரு வேணான்னா?"

"தூக்கக் கூடாதுன்னு டாக்டரம்மா சொல்லியிருக்காங்க. எலும்பு நழுவினா கால் போயிடும்."

அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் வேறு எந்தச் சத்தத்தோடும் குழப்பிக்கொள்ள மாட்டேன். "டாக்டரம்மா, டீச்சரம்மா. எல்லாம் பெரிய பெரிய அம்மாங்க. நான் பசை மேஸ்திரி. என்கிட்ட இன்னா கீது?"

"உங்க தம்பி பொண்ணு மாமா."

"தம்பியைக் கூப்புடு. எங்க அவன்? பொண்டாட்டி சொன்ன கயிறைத் தேடிக்கினு போய்ட்டானா?"

அப்போது என் மகள் பலகைக்குக் கீழேயிருந்து, "பெரியப்பா" என்று ஒரு முறை கூப்பிட்டாள். சின்னக் குரல். ஆனால் சுவருக்கு மேலே போயிருக்கும். அதைவிடச் சின்னச் சத்தமெல்லாம் போகும். தோல்கள் மறுபடி இழுபடத் தொடங்கின. பேஜார், பேஜார் என்று அவர் முணுமுணுப்பது கேட்டது. பிறகு அறைக் கதவு சாத்தும் சத்தம், தாழ்ப்பாள் போடும் சத்தம்.

"அம்மா" என்றாள் அவள். "இனிமே கேக்காதே."

கொல்லைப்புறம் போய்க் கிணற்றுக் கயிற்றை அறுத்து எடுத்து வந்தேன். ராட்டினத்தில் முடிச்சு ஊறிப்போய் அவிழவில்லை; அரிவாள்மணையை எடுத்துப் போய் அறுத்தேன். எங்கிருந்தோ பறந்து வந்த தகரம் ஒன்று துணி துவைக்கும் கல்லில் மோதிக் குதித்துக்கொண்டிருந்தது. அது எந்தப் பக்கம் திரும்பும் என்று தெரியாமல் சுவரோடு ஒட்டி நின்று, அது வேலிக்கு அப்பால் போன பிறகு ஓடி வந்தேன். அதற்குள் அடுப்பங்கரைப் பக்கத்து ஓடுகள் சரசரவென்று ஒன்றன்மேல் ஒன்று ஏறி, மொத்தமாக வழுக்கித் தரையில் கொட்டியிருந்தன. பாத்திரங்களின் மேலெல்லாம் செம்மண் சில். வானம் நேராகத் தெரிந்தது.

கூடத்தில் கட்டிலுக்கு நேர் மேலே இருந்த கைமரங்கள் இன்னும் இடத்தில்தான் இருந்தன. ஆனால் காற்று ஒவ்வொரு முறை உள்ளே புகும்போதும் அவை ஒரு சாண் எழும்பி, மறுபடி விட்டத்தின் மேல் தொப்பென்று உட்கார்ந்தன. விட்டத்தோடு கட்டியிருந்த வார்கள் அவற்றோடு சேர்ந்து நீண்டு நீண்டு சுருங்கின. துணிப்பெட்டியின் மேல் முக்காலியைப் போட்டு ஏறினேன். ஓடு நழுவிய சந்து வழியாகக் கயிற்றைக் கைமரத்துக்கு மேலே அனுப்பி, மறு பக்கத்தில் இழுத்து, விட்டத்தோடு சேர்த்துச் சுற்றினேன். சுற்ற முடிந்தது, இறுக்க முடியவில்லை. என் பலத்துக்கு அந்தக் கயிறு கேட்கவில்லை. காற்று தூக்கும்போது என் கையோடு தூக்கியது. உள்ளங்கைத் தோல் கிழிந்தது.

"உலக்கை போடு" என்றாள் மகள், பலகைக்குக் கீழேயிருந்து.

"இன்னா?"

"கயித்துக்கு நடுவுல உலக்கையை வெச்சி முறுக்கு. கரும்பு வண்டியில அப்படித்தான் இறுக்குவாங்க."

இறங்கிப்போய் உலக்கையை எடுத்து வந்தேன். இரண்டு புரிக்கும் நடுவே செருகி, முறுக்கினேன். ஒரு சுற்று, இன்னொரு சுற்று. நனைந்த நார்க் கயிறு முனகிக்கொண்டே கெட்டிப்பட்டது. கைமரம் விட்டத்தின் மேல் அழுந்தி உட்கார்ந்தது. அடுத்த காற்றுக்கு அது எழும்பவில்லை. உலக்கை நுனியை என் புடவைத் தலைப்பைக் கிழித்துக் கட்டி நிறுத்தினேன். பிறகு, ஒரு விறகுக் கட்டையைச் செருகி, பக்கத்துக் கைமரத்துக்கு. அதற்கு மேல் கயிறு இல்லை. கட்டில் அளவுக்குத்தான் கயிறு வந்தது.

அதற்குப் பிறகு செய்ய ஒன்றும் இல்லை. கட்டிலோரம் மண்டியிட்டு, ஆடாமல் இருக்கட்டும் என்று தொங்கும் கல்லை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு, தலையைக் கரும்பலகையின் விளிம்புக்குக் கீழே நுழைத்துக்கொண்டேன். ஓடுகள் பலகையின் மேல் விழுந்து உடைந்தன. ஒன்று என் முதுகில் விழுந்தது. ஒவ்வொரு சத்தத்துக்கும் அவள் உடம்பு துள்ளுமோ, துள்ளினால் எலும்பு நழுவுமோ என்பதுதான் என் பயம். கூரை முழுக்க விழுந்தால்கூட அவள் துள்ளாமல் இருக்க வேண்டுமே என்று நினைத்தேன். அவ்வளவு பைத்தியம்.

"துள்ளாதடி கண்ணு."

"துள்ளல. நீதான் துள்ற. கல்லு ஆடுது."

ஒரு கட்டத்தில் கிழக்குப் பக்கத்திலிருந்து, மலையிலிருந்து கல் வண்டி கவிழ்ந்ததைப் போல ஒரு சத்தம் வந்தது. அவர்கள் கூடத்து முகடு உள்ளே விழுந்துவிட்டது. ஓரகத்தி அறைக்குள்ளிருந்து அலறினாள். நான் அதைக் கேட்டேன். கேட்டுவிட்டு என்ன நினைத்தேன் என்பதை எழுதப் போவதில்லை. பாவம் என்று நினைக்கவில்லை, அது மட்டும் உண்மை.

விளக்கு வைக்கும் நேரத்துக்கு முன்பே காற்று திடீரென்று சோர்ந்து போயிற்று. மழை தூறலானது. நான் கல்லை மெல்ல விட்டேன். கைகள் விரியவில்லை. கரும்பலகையை எடுத்து வைத்துவிட்டு, சாக்கை நீக்கி, பலகைக் கட்டுகளைத் தடவிப் பார்த்தேன். எல்லாம் நனைந்திருந்தது. ஆனால் பலகை உடம்போடு இருந்தது. இரண்டு குதிகாலையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்று ஆசை, தொடவும் பயம். குனிந்து, கண்ணாலேயே அளந்தேன். சரியாகத்தான் தெரிந்தது. வெளிச்சம் போதவில்லை, மறுபடி பார்த்தேன்.

கால் கூடிவிட்டது. இதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். தை மாதத்தில் வேலூருக்குக் கொண்டுபோனபோது டாக்டரம்மா இரண்டு காலையும் நீட்டி வைத்து நாடாவால் அளந்தார். சரியாக இருக்கிறது என்றார். இப்போது என் மகள் பஸ்ஸுக்கு ஓடுகிறாள். அடைமழையில் மட்டும் தொடையைத் தேய்த்துக்கொள்வாள். அவள் தேய்ப்பதைப் பார்த்தால் நான் எழுந்து போய்க் கூரையைப் பார்ப்பேன். வேறு ஊரில், சிமெண்டு போட்ட வீட்டில் இருக்கிறோம், இருந்தாலும் பார்ப்பேன். மேகம் கிழக்கே கறுத்தால் எனக்குச் சோறு இறங்காது. இதற்குப் பெயர் பயம் என்று பிள்ளைகள் சொல்கிறார்கள். அன்று அந்தச் சுவருக்கு இந்தப் பக்கம் இல்லாதவர்கள் எந்தப் பெயரும் வைக்கலாம்.

அன்று சாயங்காலம் அவளுக்கு உலர்ந்த துணி தேடிக்கொண்டிருந்தேன். பெட்டியின் அடியில் ஒரே ஒரு பாவாடை காய்ந்திருந்தது. அதை அவள் தோளில் சுற்றினேன். அவளுக்குப் பல் கிடுகிடுத்தது. "பசிக்குது" என்றாள். அது எனக்குத் தைரியத்தைக் கொடுத்தது. பானையில் காலையில் வடித்த சோற்றின் மேல் ஓட்டுச் சில் கிடந்தது. பொறுக்கிப் போட்டுவிட்டு அடியில் இருந்ததை எடுத்து ஊட்டினேன்.

அப்போதுதான் நடுக்கதவின் அந்தப் பக்கத்தில் இரும்பு உரசியது. ஒரு ஆணி கிறீச்சென்று கழன்றது. பிறகு இன்னொன்று. அவசரம் ஒன்றும் தெரியவில்லை. பலகை கீழே விழுந்தது. கதவு திறந்தது.

மேஸ்திரி கையில் கடப்பாரையோடு நின்றார். முழங்கால் வரை சேறு, தலையில் ஓட்டுப் பொடி. அவருக்குப் பின்னால், வானம் திறந்த அவர்கள் கூடத்தில், ஓரகத்தி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்றாள். எனக்கு ஒரு நிமிஷம் நம்பிக்கை வந்தது என்பதைச் சொல்ல வேண்டும். குழந்தையைப் பார்க்கத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன். சோற்றுக் கையோடு எழுந்து நின்றேன், வழி விட்டேன்.

அவர் நடுக்கதவின் நிலைப்படியைத் தாண்டி உள்ளே வந்தார். கட்டிலைச் சுற்றிக்கொண்டு போனார். அண்ணாந்து, விட்டத்தையும் கைமரத்தையும் சேர்த்து முறுக்கிப் பிடித்திருந்த கயிற்றையும், அதில் செருகியிருந்த உலக்கையையும் வெகுநேரம் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"யாரைக் கேட்டுடி விட்டத்துல கயிறு போட்ட?" என்றார். "நீ இழுத்த இழுப்புலதான் எங்க பக்கம் முகடு போச்சு."